ஆரோக்கியமானவர், எண் பதினேழு

மார்ச் 3, செவ்வாய்

கடைவாயில் ஒரு பல் முளைக்கப் பார்க்கிறது. ஞானப்பல் என்கிறார்கள். இருபத்தேழு வயதில் ஞானம் வருவதென்றால் இப்படித்தான் வரும்போல. சாய்வாக, வீங்கிக்கொண்டு, பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டு.

இன்று ரத்தம் கொடுத்தேன். தானமாக இல்லை, ஆய்வுக்காக. எங்கள் பொது மருத்துவத் துறையில் ஓர் ஆய்வு நடக்கிறது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோகிறவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டுமா, சில நாள் கொடுத்து நிறுத்தினாலே போதுமா என்பதுதான் கேள்வி. தட்டணு குறைந்தால் ரத்தம் சரியாக உறையாது. மூக்கில் கசியும், மோசமாகப் போனால் மூளையில். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். மருத்துவமனைக்குள் நோய் இல்லாதவர்களுக்கு எங்கே போவது? வழக்கம்போல நாங்கள்தான். மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் வரிசையாக நின்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டோம்.

"அடுத்த ஆரோக்கியம் வாங்க," என்றார் ரத்தம் எடுக்கும் நர்ஸ்.

"சிஸ்டர், சரியா தூங்கி நாளாச்சு. பல்வலி வேற. காலைல வெறும் டீ. நான் ஆரோக்கியமா?"

"நடந்துதானே வந்தீங்க? அது போதும். கையை நீட்டுங்க."

ஊதா மூடிக் குழாயில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். யார் நோயாளி, யார் இல்லை என்பது பரிசோதிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. நான் பதினேழு.

பெயர் போய் எண்ணானதில் ஒரு சுகம் இருந்தது. ஏன் என்று யோசித்தேன். பதினேழுக்குப் பல் வலிக்காது.


மார்ச் 5, வியாழன்

கத்தரிக்கோல் அக்கா வந்திருந்தார். இந்தப் பெயர் எனக்குள் மட்டும். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவர், முப்பத்தாறு வயது. போன வருஷம் தலைச்சுற்றல் என்று எங்கோ போனபோது ரத்தம் பார்த்து, தட்டணு குறைவு என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது, இவருக்குப் பதினான்காயிரம். ஒரு வருஷமாக எல்லா மருந்தும் கொடுத்தாயிற்று. எண் அசையவில்லை. முகம் மட்டும் ஸ்டீராய்டில் உப்பி, கண்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

"என் மூஞ்சிக்குள்ள காத்தடிச்சு விட்டிருக்கீங்க டாக்டர். இவரு காலைல எந்திரிச்சு என்னையே பார்த்து என்னைத் தேடுறாரு."

பக்கத்தில் இருந்த கணவர் சிரிக்கவில்லை. காலடியில் கிடந்த பையைச் சரிசெய்தார்.

மருந்து கேட்காவிட்டால் அடுத்தது மண்ணீரலை எடுப்பது. பத்தொன்பதாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்க உடம்பில் ஆள் இருக்காது, அதனால் இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி. நான்தான் போட்டேன்.

"அது பாட்டுக்கு உள்ள இருக்குது. அதை எதுக்கு எடுக்கணும்?"

"அதுதான்கா உங்க தட்டணுவை அழிக்குது."

"நேர்ல பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் நேர்ல பார்க்க முடியாதுக்கா."

"நான் ஒருத்தி தலையைத் தொடணும்னா முதல்ல நேர்ல பார்ப்பேன்பா," என்றார். பிறகு மெதுவாக, "கத்தரியைத் தொடாதேன்னுட்டீங்க. கடை பூட்டிக் கிடக்குது. உண்மையைச் சொல்லட்டா? போன மாசம் திருட்டுத்தனமா வீட்ல என் பொண்ணுக்கு வெட்டினேன். விரல்ல பட்டுடுச்சு. பஞ்சு எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு. எங்க ஆளுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றார் கணவர்.

நான் அவரைக் கண்டித்தேன். கண்டிக்கும்போது என் குரல் எங்கள் பேராசிரியையின் குரல்போல இருந்தது.


மார்ச் 6, வெள்ளி

பல். பல் மட்டும்.


மார்ச் 9, திங்கள்

எதிலிருந்து ஆரம்பிப்பது.

திங்கள்கிழமைக் கூட்டம். எங்கள் பேராசிரியை மேடத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சுருக்கம்'. யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "சுருக்கமா சொல்லு" என்பார். இன்று அவரே திரையில் எண்களை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஆரோக்கியமானவங்க வரிசையில ஒருத்தர் ஆரோக்கியமா இல்லையே. எண் பதினேழு. தட்டணு பத்தொன்பதாயிரம்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "விடுதிச் சாப்பாடு மேடம்," என்றான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு சற்று முன்பே ஆரம்பித்து சற்று முன்பே முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

"சிஸ்டர் லீவு முடிஞ்சு அடுத்த திங்கள் வருவாங்க. அவங்ககிட்டதான் பேர் இருக்கு. அதுக்குள்ள தன் எண் ஞாபகம் இருக்கறவங்க யாரா இருந்தாலும் என்கிட்ட வரட்டும். பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை. இதை ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்கிறேன் நான். கேட்கிறவர்களுக்கு இப்படித்தான் கேட்குமா? கதவு சாத்துகிற மாதிரி?

போகவில்லை. போயிருக்க வேண்டும். போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பார்கள். அப்புறம் மாத்திரை. அப்புறம் முகம்.


மார்ச் 10, செவ்வாய்

குளியலறையில் உடம்பு முழுவதும் தேடினேன். தோலுக்கு அடியில் கசிந்தால் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரும். கணுக்காலில் இரண்டு. கொசு. கொசுதானே?

பல் டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தேன். இந்த எண்ணை வைத்துக்கொண்டு யார் பல்லைப் பிடுங்குவார்கள்?

அம்மா போன் செய்தாள். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். பல் என்றேன். "பல்லைத் தவிர?" என்றாள். பல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்றேன். அம்மாக்களிடம் பொய் சொல்வதில் ஒரு வசதி, நம்பாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு.


மார்ச் 11, புதன்

மருத்துவமனையில் சோதித்தால் தெரிந்துவிடும் என்று, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். தொழில் கேட்டார்கள். ஆசிரியை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அங்கேயும் ஊதா மூடி. அங்கேயும் ஓர் இயந்திரம்.

இருபத்தோராயிரம்.

ஓர் இயந்திரம் தப்பாகச் சொல்லலாம். ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு இயந்திரங்கள் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லாது.

உண்மைதான் அப்போ. உண்மைதான்.


மார்ச் 12, வியாழன்

தட்டணு குறைவதற்கான காரணங்கள் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்குப் படித்தது. மேலிருந்து கீழே சொன்னால் பயம் கூடிக்கொண்டே போகிறது, கீழிருந்து மேலே சொன்னாலும் அப்படித்தான். ரத்தப் புற்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பல் துலக்கும்போது பிரஷ்ஷை லேசாகப் பிடிக்கிறேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறேன். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். நாங்கள் இரண்டு பேரும்தான் இந்த வீட்டில். அவன் கணினிப் படிப்பு, எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாத படிப்பு.

"என்னக்கா, உடையற சாமான் மாதிரி நடக்கற?"

"போடா."

"சொல்லு. கல்யாணம் கில்யாணம் ஏதாவது பண்ணிக்கிட்டியா?"

சொல்லிவிட்டேன். சொல்லும்போது நானே டாக்டர், நானே நோயாளி. "பயப்பட ஒண்ணுமில்ல" என்று அவனுக்கும் சொன்னேன். அவன் கேலியை நிறுத்தினான். அதுதான் என்னை அழ வைத்தது. அவன் கேலியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.


மார்ச் 14, சனி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

தம்பி எனக்குக் கத்தி கொடுக்க மாட்டேன் என்றான். தக்காளியைக் கூட அவன்தான் நறுக்கினான். நான் தகர டப்பாவைத் திறக்கப் போனேன். அதைக் கத்தி என்று யாரும் நினைக்கவில்லை. மூடி விரலை நன்றாகக் கிழித்துவிட்டது.

"அக்கா! அய்யோ! ஆம்புலன்ஸ் எண் என்ன? நீதானே ஆம்புலன்ஸ்!"

துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து, பயந்துகொண்டே துணியை எடுத்தேன். நின்றிருந்தது. சும்மா நிற்கவில்லை, ஓரம் காய்ந்து, வேலை முடித்துவிட்டுப் போனமாதிரி நின்றிருந்தது.

பத்தொன்பதாயிரம் வைத்திருப்பவளுக்கு இவ்வளவு சுத்தமாக நிற்குமா? நிற்கலாம். சிலருக்கு நிற்கும். புத்தகத்தில் உண்டு. ஆனால் —

"பஞ்சு எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு."

கத்தரிக்கோல் அக்கா சொன்னது. ஒரு வருஷமாகப் பதினான்காயிரம். ஒரு தரம் மூக்கில் ரத்தம் வந்ததா? இல்லை. ஈறில்? இல்லை. தோலில் ஒரு புள்ளி? நான்தானே பரிசோதித்தேன். இல்லை.

ரத்தம் எண்ணுக்குக் கீழ்ப்படியவில்லை என்றால் யாரைச் சந்தேகப்பட வேண்டும், ரத்தத்தையா, எண்ணையா?

நாங்கள் யாருமே தட்டணுவைப் பார்க்கவில்லையே. இயந்திரம் எண்ணியதைப் படித்தோம், அவ்வளவுதான்.

படித்திருக்கிறேன். ஒரே ஒரு பத்தி. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிக்கூட இருக்கிறேன். இத்தனை நாள் அது ஏன் ஞாபகம் வரவில்லை? பயந்தவளாக இருந்தேன், அதனால். இன்று எரிச்சலில் ஞாபகம் வந்தது. டப்பா மூடிமேல் எரிச்சல்.

எழுதி வைத்ததும் பயமாக இருக்கிறது, ஆசைப்பட்டு விட்டேனோ என்று.


மார்ச் 16, திங்கள்

காலையில் நர்ஸ் என்னை வராந்தாவிலேயே பிடித்தார். "பதினேழு நீங்கதான்! வாயே திறக்கல பாத்தீங்களா? நடந்து வந்தா போதும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்." கையைப் பிடித்தவர் விடவில்லை. "மேடம்கிட்ட வாங்க," என்றார். "இன்னிக்கு ஒரு நாள் குடுங்க சிஸ்டர். முதல்ல ஊதா ஒண்ணு, நீலம் ஒண்ணு எடுங்க," என்றேன்.

ஊதா மூடிக் குழாயிலும் நீல மூடிக் குழாயிலும் ரத்தம் உறையாமலிருக்க வேறு வேறு உப்பு. அதுதான் விஷயம். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்லைடிடம் ஓடினேன். ஸ்லைடு என்பது நாங்கள் வைத்த பெயர். என்னோடு படித்தவன், இப்போது நோய்க்குறியியல் படிக்கிறான். பகல் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பதால் நிமிர்ந்தாலும் குனிந்த மாதிரியே இருப்பான்.

"தாயே, இது வேலை நேரம். ஆராய்ச்சிக் குப்பையெல்லாம் சாயங்காலம்."

"இது குப்பையில்ல. நான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வேறெதுவும் கேட்காமல் ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து இழுத்தான், சாயம் போட்டான், குனிந்தான். நகர்த்தினான். இன்னும் நகர்த்தினான். அவன் பேசாத ஒவ்வொரு நொடியும் என்னிடம் மீதமிருந்த தைரியத்தில் ஒன்றைக் கழித்தது.

"என்னடா?"

"இரு."

"என்னன்னு சொல்லித் தொலை."

"வந்து பாரு."

குனிந்தேன். கண்ணில் முதலில் கண்ணீர்தான் தெரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்களுக்கு நடுவே, ஓரமாக, தட்டணுக்கள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு நின்றன. பத்து, இருபது, ஐம்பது சேர்ந்து ஒரே உருண்டையாக.

"உன் ரத்தத்துக்கு இந்த ஊதாக் குழாய் உப்பு ஒத்துக்கல. குழாய்க்குள்ள போனதும் எல்லாம் கட்டிப்பிடிச்சு நிக்குதுங்க. மிஷினுக்கு என்ன தெரியும்? ஒரு கும்பலைப் பார்த்தா அதுக்கு ஒரு ஆளு. இல்லன்னா தட்டணுவே இல்லைன்னு விட்டுடும்."

"நீலம்?"

நீலக் குழாயை அவனே இயந்திரத்தில் வைத்தான். இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.

"உனக்கு ஒண்ணுமில்ல. நோய் குழாய்லதான். குழாய்க்கு வேணும்னா ஸ்டீராய்டு குடு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான், அதனால் சிரிக்கவில்லை போலும். உடம்பு என்னிடம் திரும்பி வந்தது. ஒரு வாரமாக வேறு யாருடையதையோ பத்திரமாகச் சுமந்துகொண்டு நடந்த மாதிரி. முதலில் பல் வலித்தது. எவ்வளவு நல்ல வலி.

பிறகு கேட்டேன். "கத்தரிக்கோல் அக்காவுக்கு ஸ்லைடு யார் பார்த்தது?"

"எந்த அக்கா?"

சொன்னேன்.

"வெளியில பார்த்தாச்சுன்னுதானே சொன்னாங்க. எங்களுக்கு ஸ்லைடே வரல. மஜ்ஜைதான் வந்துது. அது நல்லாத்தான் இருந்துச்சு. நிஜமாவே தட்டணு அழியற நோய்லயும் மஜ்ஜை நல்லாத்தானே இருக்கும்."

எங்களுக்கு அனுப்பியவர் இங்கே பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார். இங்கே உள்ளவர்கள் அங்கே பார்த்தாயிற்று என்று நினைத்தார்கள். யாரும் சோம்பேறி இல்லை. எல்லோரும் அடுத்தவரை நம்பினோம்.

ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம். ஒரே துறையில் இரண்டு பேரா? கதையில் வந்தால் நம்பமாட்டேன். ஆனால் தட்டணு குறைந்தவர்களையெல்லாம் வலை வீசித் தேடுகிற இடம் இது. குறைந்த மாதிரி தெரிகிறவர்களும் இங்கேதானே வந்து சேர்வார்கள்.

அவர் நாளை வார்டில் சேர்கிறார்.


மார்ச் 17, செவ்வாய்

கத்தரிக்கோல் அக்காவுக்கு ஒரே கையில், ஒரே குத்தில், இரண்டு குழாய். ஊதா: பதினாறாயிரம். நீலம்: இரண்டு லட்சத்து எட்டாயிரம். ஸ்லைடு குனிந்தபடியே கட்டை விரலை உயர்த்தினான்.

மேடத்தின் அறை. நான் பேச ஆரம்பித்ததும் வழக்கமான அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதினேழு நான்தான் என்றபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வாரமாவா? தனியாவா?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"என்னைப் பாத்தா?"

இரண்டு எண்களும் இருந்த சீட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே எழுந்து ஸ்லைடின் அறைக்கு நடந்தார். மூத்த டாக்டர்களும் பின்னால் வந்தார்கள். நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, "இந்தப் பொண்ணோட ஸ்லைடை நம்மள்ல யாரு பாத்தோம்?" என்றார். கோப்பைப் புரட்டினோம், யாருடைய குறிப்பும் இல்லை. "நானும் பாக்கல," என்றார்.

நோயாளியிடம் நாங்கள் சொல்கிறோம் மேடம் என்று மூத்த டாக்டர் ஒருவர் சொன்னார். "இல்ல. தப்பு என் பேர்ல இருக்கு. நான்தான் சொல்லணும்."

வார்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நின்றபடி சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம். குழாய், உப்பு, கும்பல் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார்.

கத்தரிக்கோல் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு என்ன வியாதி?"

"வியாதி இல்லம்மா."

"முன்னாடி இருந்து இப்ப சரியாப் போச்சா?"

"எப்பவுமே இல்ல."

"அப்ப ஒரு வருஷமா நான் சாப்பிட்டது?"

மேடம் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். "நாங்க தப்புப் பண்ணிட்டோம். மன்னிச்சுக்கோங்கன்னு கேக்கறேன். மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம். முகம் பழையபடி வந்துடும்."

"நாளை மறுநாள் ஆபரேஷன்?" இது கணவர்.

"கிடையாது."

அவர் உடனே கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். போர்வையை மடித்தார், தம்ளரைத் துடைத்து உள்ளே வைத்தார், சீப்பு, சோப்பு. யாராவது மனசு மாறிவிடுவார்களோ என்கிற மாதிரி அவசரம். தோள் குலுங்கியபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"ஏங்க, இருங்க. கோபப்படறதுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க," என்றார் அக்கா. எங்களைச் சுற்றிப் பார்த்தார். "சரி, வேணாம். முதல்ல சந்தோஷப்பட்டுக்கறேன். கோபம் வீட்டுக்குப் போய்ப் பட்டுக்கறேன்."

பிறகு என்னிடம்: "டாக்டர், நேர்ல பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்கா."

"எப்படி இருந்துச்சு?"

"கூட்டமா."

சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்புக்கு இடம் போதவில்லை.


மார்ச் 18, புதன்

ஆய்வை மேடம் நிறுத்தி வைத்துவிட்டார். சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் நீலக் குழாய், எல்லோருக்கும் ஸ்லைடு. எங்கள் மூத்தவர்களுக்கு முணுமுணுப்பு. ஒரு வருஷ வேலை.

மாலைக்குள் ஸ்லைடு பார்த்து முடித்தான். மற்ற எல்லோருக்கும் நோய் நிஜம். குழாய் எதுவானாலும் குறைவுதான்.

ஆய்வு பிழைத்தது என்று துறையில் மகிழ்ச்சி. எனக்கும்தான். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். அவர்களுக்கும் அப்படி ஒரு மன்னிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.


மார்ச் 19, வியாழன்

அறுவை அரங்கின் பலகையில் வேறு ஒருவரின் குடலிறக்கம். ஏதோ ஒரு வீட்டில் ஒரு மண்ணீரல் தன் பாட்டுக்கு உள்ளே இருக்கிறது.


மார்ச் 21, சனி

பல் பிடுங்கியாயிற்று.

"ரத்தம் சம்பந்தமா ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றார் பல் டாக்டர். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்! அந்த 'இல்லை'யை வாயில் வைத்துச் சுவைத்தேன். அதற்குள் அவர் வாய்க்குள் பஞ்சைத் திணித்துவிட்டார்.

சொன்ன நேரத்துக்கு நின்றது. பஞ்சைக் கீழே போட மனசில்லாமல் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை லட்சம் பேருக்கும் நன்றி.

தம்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். துரோகி. வாய் மரத்துப்போய் நான் பதில் பேச முடியாத நேரமாகப் பார்த்து அம்மா போன் செய்தாள். திட்டி முடித்துவிட்டு, "உனக்கு ஒண்ணுன்னா நீ சொல்லணும். உனக்கு ஒண்ணுமில்லைன்னாலும் சொல்லணும்," என்றாள். "ம்" என்றேன். "என்ன 'ம்'?" என்றாள்.

தம்பி கேலியை மறுபடி ஆரம்பித்துவிட்டான். இன்று முழுவதும் என்னைப் 'பதினேழு' என்றே கூப்பிட்டான்.


ஏப்ரல் 20, திங்கள்

இரண்டு பேரைப் பற்றியும் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். "சுருக்கமா எழுது" என்றார். பழைய மேடம் திரும்பி வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

முதல் நோயாளி: முப்பத்தாறு வயதுப் பெண். இரண்டாவது: இருபத்தேழு வயதுப் பெண், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட ஆரோக்கியமானவர். என்னைப் பற்றி நானே இப்படி எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. 'கணுக்காலில் இரண்டு கொசுக்கடி' என்று எழுதி, அடித்துவிட்டேன். முதல் நோயாளிக்கு 'விரல் வெட்டு உடனே நின்றது' என்று எழுதியதை அடிக்கவில்லை. அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ஆனால் அவர் வரவில்லை. மாத்திரையைக் குறைக்கும் அளவு தெரிந்துகொள்ள கணவர்தான் வந்தார். எப்படி இருக்காங்க என்றேன்.

"கோபமா இருக்கா," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "கையெழுத்துப் போட்டுத் தரேன்னா. நேர்ல வர மனசில்லையாம்."

வேண்டியதுதான். எங்கள் பங்கு அது. வாங்கிக்கொள்ள வேண்டும்.


மே 4, திங்கள்

ஆய்வு மீண்டும் தொடங்கியது. புது விதி: ஒருவரைச் சேர்க்குமுன் சேர்ப்பவரே ஸ்லைடைப் பார்க்க வேண்டும். தன் கண்ணால். ஸ்லைடு தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுவிட்டு, வாடகை கேட்கிறான்.


ஆகஸ்ட் 8, சனி

இரண்டு வாரமாகக் கத்தரிக்கோல் அக்காவின் கடை இருக்கும் தெரு வழியாகத்தான் பேருந்து சுற்றிப் போகிறது. கடை திறந்திருப்பதைத் தினமும் பார்த்துவிட்டு இறங்காமலே போனேன். இன்று இறங்கினேன். முடியும் நிஜமாகவே வளர்ந்திருந்தது, பொய்க்காரணம் இல்லை.

உள்ளே இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி. எடுப்பான கன்ன எலும்பும் பெரிய கண்களுமாக ஒரு பெண் தரையில் முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஓனர் இருக்காங்களா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்! நான்தான்!"

ஒரு வருஷம் வைத்தியம் பார்த்த முகம். ஒரு நாளும் பார்த்ததில்லை.

"பாவம், நீங்க எங்க பாத்தீங்க இதை? உக்காருங்க, உக்காருங்க." கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். "வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். கோபம் ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. ராத்திரியில உங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுத் திட்டுவேன். அப்புறம் கடையைத் திறந்துட்டேன். கூட்டம். திட்ட நேரமில்ல."

"என்னையுமா?"

"உங்களை ரெண்டாவதா. உங்க மேடம்தான் முதல்ல. உக்காந்து பேசினாங்கன்னு அவங்களைக் கொஞ்சம் சீக்கிரமா விட்டுடுவேன்."

தண்ணீர் தெளித்தார், சீவினார். பின்பக்கம் கத்தரி ஓடுகிற சத்தம் காதருகில் கேட்டது. எங்கோ நடுவில் "ஸ்" என்றார். கண்ணாடியில் இரண்டு பேரும் அவர் விரலைப் பார்த்தோம். மேசையில் பஞ்சு இருந்தது. அவர் கை அதற்குப் போகவில்லை. விரலை முந்தானையில் ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, தன் பெண்ணின் பள்ளிக்கூடக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முன்பக்கம் வந்ததும் நின்றார்.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

"நீங்களே பார்த்து எடுங்கக்கா."

"அதெல்லாம் கிடையாது." சீப்பை என் நெற்றியின் குறுக்கே வைத்து, கண்ணாடிக்கு நேராக என் தலையைத் திருப்பினார். "பாருங்க. இவ்வளவு. சரியா?"

பார்த்தேன். சரி என்றேன். அப்புறம்தான் வெட்டினார்.